சீருடைக்கு முன்னும் பின்னும்

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதுவோர் தளபதிகளின் நாட்குறிப்புகளையும் அரசாங்க ஆவணங்களையும் நாடுவர். சாதாரணப் போர்வீரன் அவற்றில் ஓர் எண்ணாகவே இடம்பெறுவான். அவனது பெயரும் முகமும் எஞ்சியிருப்பது அவன் வீட்டாரின் நினைவிலேதான். "எங்கள் பாட்டனார் சண்டைக்குப் போனவர்" என்று பேரப்பிள்ளைகள் சொல்லும் வாக்கியத்தை ஆராய்ச்சியாளர் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், கல்வி மறுக்கப்பட்டிருந்த உழைக்கும் மக்களின் சரித்திரத்துக்கு அந்த வாக்கியத்தைத் தவிர வேறு மூலாதாரம் பல வேளைகளிற் கிடைப்பதில்லை. அதேசமயம், குடும்ப நினைவு தனக்கு உவப்பானதைப் பேணி மற்றதை நழுவவிடும் இயல்புடையது. எனவே அதனை மதிக்கவும் வேண்டும், விசாரிக்கவும் வேண்டும். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் மலாயாவில் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்த தமிழ்ப் பாட்டன்மாரைப் பற்றிய நினைவுகளை இந்த நோக்கிலே ஆராய்வோம்.

இந்நினைவுகள் ஈழத்தவராகிய நமக்குப் புறம்பானவை அல்ல. நமது மலையகத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்த கங்காணி முறையே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கொண்டு சென்றது. யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் இலிகிதராகச் சென்றோர் வேறு. அவ்வாறு சென்ற ஈழத்தமிழர் வழியில் ஈப்போவிற் பிறந்த ராசம்மா பூபாலன், 16 வயதில் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்தார். பிற்காலத்தில் மலேசியாவின் பெயர்பெற்ற ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். கல்வி கற்ற குடும்பத்தைச் சேர்ந்தவராதலின் அவருடைய வரலாறு நூலேறியது. தோட்டத்து லயங்களிலிருந்து புறப்பட்ட பல்லாயிரவருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

மலாயாத் தமிழர் வீடுகளில் இக்கதை பெரும்பாலும் நேதாஜியிலிருந்தே தொடங்கும். சுவரில் அவருடைய படம், தெய்வப் படங்களுக்கு அருகே மாட்டப்பட்டிருக்கும். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. யப்பானியரிடம் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு கப்டன் மோகன் சிங் உருவாக்கிய முதலாவது படை அவ்வாண்டு இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின் படை புத்துயிர் பெற்றது. இம்முறை துப்பாக்கியையே கண்டறியாத பொதுமக்களும் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் தமிழர்; அத்தமிழரிற் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளர்.

"நேதாஜி பேசினார், பாட்டனார் சேர்ந்தார்" என்பதோடு குடும்பக் கதை திருப்தியடைகிறது. நாம் அவ்வாறு திருப்தியடைய முடியாது. பேச்சு ஒரு பொறி. எரிபொருள் ஏற்கெனவே குவிந்திருந்தது.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். "தமிழ் நேசன்" பத்திரிகையிற் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். தோட்டங்களிற் கள்ளுக்கடைகளை மூடவேண்டும். துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். இவை அவர்களின் கோரிக்கைகளிற் சில. மே மாதத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். இந்தியத் துருப்புகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த மனிதர்களின் தோட்டங்களுக்கே இரண்டாண்டுகளின்பின் விடுதலைப் படையின் அழைப்பு வந்தது. கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவனுக்குச் சீருடையும் படைப்பிரிவும் சமமான வணக்கமும் கிடைத்தன. அந்த அழைப்பில் அவன் கேட்டது சுதந்திர இந்தியாவின் குரலை மட்டுமன்று. தன் சொந்த மானத்தின் குரலையுமாகும்.

ஆனால், நமது விசாரணை இங்கே கடினமாகிறது. அப்படைக்கு ஆயுதம் தந்த யப்பானிய ஏகாதிபத்தியமே அதே தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றது. ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிக்கப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களிலும் தமிழரே மிகுதி. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் பல்லாயிரவர் மடிந்தனர். அங்கு இறந்த நேசநாட்டு யுத்தக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளியின் பெயர் பொறித்த கல்லறை அவ்வரிசையில் இல்லை.

ஒரே லயத்திலிருந்து ஒருவன் படைக்கும் மற்றொருவன் மரண இரயிலுக்கும் போனான். படையிற் சேர்ந்தால் சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்ற எண்ணமும் அரிசித் தட்டுப்பாடும் சிலரைப் படைக்குத் தள்ளின. இதைச் சொல்வது அவர்களின் தேசபக்தியைக் குறைப்பதாகாது. தேசபக்தியும் பசியும் அச்சமும் ஒரே மனிதனுள் வாழக்கூடியவை. சண்டைக்குப் போன பாட்டனைப் பற்றிப் பேசும் வீடு, சயாமுக்குப் போய்த் திரும்பாத அவருடைய தமையனைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. வீரத்தைச் சொல்லக் கதைகள் உண்டு. அவமானத்தைச் சொல்லப் பழக்கமில்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி மரண இரயிலைப் பற்றி "நினைவுச் சின்னம்" என்றும், இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி "இமையத் தியாகம்" என்றும் இரு நாவல்கள் எழுதினார். ஒரே எழுத்தாளர் இரண்டையும் எழுதியது பொருத்தமே. இரண்டும் ஒரே மக்களின் கதை.

படையின் முடிவு எல்லோரும் அறிந்தது. 1944இல் இம்பாற் போர்முனையில் தோல்வி. மழையிலும் பட்டினியிலும் நோயிலும் பின்வாங்கல். 1945இல் ஐராவதி நதிக்கரையில் இறுதிச் சண்டைகள். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுத் தூணை, செப்டெம்பரில் திரும்பிவந்த பிரித்தானியர் தகர்த்தெறிந்தனர். 50 ஆண்டுகளின்பின், 1995இலேயே அவ்விடம் நினைவுப் பலகையால் அடையாளப்படுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த நினைவைக் காத்தவை வீடுகளே. டில்லிச் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட மூன்று அதிகாரிகளின் பெயர்கள் இந்தியாவெங்கும் ஒலித்தன. மலாயாவின் தொழிலாளி வீரனோ மீண்டும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு இறப்பர் மரத்தடிக்கே சென்றான்.

குடும்பக் கதை பொதுவாக இவ்விடத்தில் முடிந்துவிடும். நாம் முக்கியமெனக் கருதுவது இதன் பின்னரே நிகழ்ந்தது. திரும்பியவர்கள் பழைய கூலிகளாகத் திரும்பவில்லை. 1946-47இல் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. இந்திய தேசிய இராணுவத்திற் பெற்ற அணிவகுப்பும் ஒழுங்கும் அங்கே பயன்பட்டன. 1941இல் கிள்ளானில் எழுந்த கோரிக்கை ஆறாண்டுகளின்பின் கெடாவில் மீண்டும் ஒலித்தது. இந்திய தேசிய இராணுவத்திற் பணியாற்றிய எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்தின்பேரில், இந்திய அரசாங்கம் தலையிட்டும் பயனின்றி, 1949 மே 4இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் தொழிற்சங்கத் தொடர்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது ஆபத்தாயிற்று. நேதாஜியின் படத்தை மாட்டி வைப்பதில் அத்தகைய ஆபத்து இருக்கவில்லை. பாட்டனின் வாழ்வில் இரண்டாண்டுகள் மட்டும் ஒளிபெற்று, முன்னும் பின்னும் இருளடைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இப்பாட்டன்மாரைப் பற்றி இருவிதமான தீர்ப்புகள் கூறப்படுவதுண்டு. ஒரு சாரார் அவர்களைக் குறையற்ற வீரராக்கி, சயாமின் பிணக்குழிகளை மறைப்பர். மற்றச் சாரார் பாசிசத்தின் கருவிகள் என ஒரு சொல்லில் ஒதுக்குவர். முற்போக்காளரிடையேயும் அத்தகையோர் இருந்தனர். இரு தீர்ப்புகளும் கொடியை மட்டுமே பார்க்கின்றன. கொடியைத் தாங்கிய கையைப் பார்ப்பதில்லை. போசின் கூட்டணி தவறானது என்று கூறுவதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. ஆனால், துரையின் முன்னே தலைகுனிய மறுத்த தொழிலாளியின் எழுச்சி, வேலைநிறுத்தத்திலிருந்து படைக்கும், படையிலிருந்து தொழிற்சங்கத்துக்கும் சென்ற ஒரே பாதையாகும். அப்பாதை முழுவதையும் கண்டாலன்றி அந்தச் சீருடையின் பொருள் விளங்காது.

அன்று போருக்குச் சென்றவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் யப்பானிய ஆட்சிக்கால நினைவுகளைப் பலரிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவுசெய்துள்ளது. அத்தகைய முயற்சிக்கு அரசாங்கம்தான் வேண்டும் என்பதில்லை. ஓர் ஆசிரியரும் பத்து மாணவரும் போதும். மலாயாத் தொடர்புடைய குடும்பங்கள் நமது ஊர்களிலும் உண்டு. அவ்வீட்டு முதியோரிடம் எந்தப் போர்முனை என்று மட்டும் கேட்பதோடு நின்றுவிடலாகாது. அதற்கு முன் என்ன கூலி பெற்றார்? அவருடன் பிறந்தோரில் யார் சயாமுக்குப் போனார்கள்? திரும்பி வந்து என்ன செய்தார்? இவற்றையும் கேட்டு எழுதிவைப்போமாக. கேட்கப்படாத பாட்டனும் தூள்தூளாக்கப்பட்ட நினைவுத் தூணும் சரித்திரத்துக்கு ஒரே இழப்புத்தான்.