மாநிலம் கடந்த குழந்தைப் பராமரிப்புத் தொகை

மாநிலம் கடந்த குழந்தைப் பராமரிப்புத் தொகை என்பது, ஒரு மாநிலத்தில் தாயுடன் வாழும் குழந்தைக்கு, வேறு மாநிலத்தில் இருக்கும் தந்தையிடமிருந்து சட்டப்படி பெறப்படும் தொகையாகும். பேச்சு வழக்கில் இது ஜீவனாம்சம் எனப்படும். இதை வசூலித்துத் தருவதற்கென்று இந்தியாவில் தனி அரசுத் துறை இல்லை. மனு, ஆணை, வசூல் ஆகிய மூன்றும் நீதிமன்றத்தின் வழியாகவே நடைபெறுகின்றன.

தொடக்கம்

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்கு இடம் இருந்தது. 1898ஆம் ஆண்டின் சட்டத்தில் இது 488ஆம் பிரிவாக அமைந்தது. மனைவி மக்கள் ஆதரவின்றித் தெருவில் நிற்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைக்கும், எல்லா மதத்தினருக்கும் இப்பிரிவு பொருந்தியது.

ஆனால் மனு செய்யும் இடத்தில் சிக்கல் இருந்தது. கணவர் வசிக்கும் அல்லது இருக்கும் மாவட்டத்திலோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டத்திலோதான் மனு செய்யலாம். கைவிடப்பட்டுத் தாய்வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்த ஊர் நீதிமன்றம் பயன்படவில்லை.

கடல் கடந்தவர்கள்

செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பலர் சென்னைத் துறைமுகம் வழியாக நேட்டால், பர்மா, மலாயா முதலிய நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். இவ்வாறு பிரிந்த குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய பராமரிப்பு ஆணைகள் நிறைவேற்றச் சட்டம் 1921இல் வந்தது. பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதியில் பிறப்பித்த ஆணையை, ஒப்பந்தம் உள்ள மற்றொரு பகுதிக்கு அனுப்பி நிறைவேற்ற இது வழி செய்தது.

பேரரசுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தொலைவிலிருந்த காலனிக்குச் செல்லக்கூடிய ஆணை, அதே கடற்கரையில் இருந்த அண்டை ஊருக்குச் செல்ல இயலவில்லை. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தது.

மனு செய்யும் இடத்தின் மாற்றம்

ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஒருவர் விடுப்பில் வந்தபோது மனைவியுடன் தங்கியிருந்தது பற்றிய வழக்கில், 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்காலிகமாகத் தங்கியதும் 'வசித்தல்' ஆகும். ஆனால் வந்தவுடன் திரும்பும் வருகை ஆகாது என்பது அதன் விளக்கம்.

பெரிய மாற்றம் 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது. அதன் 126ஆம் பிரிவு, மனைவி வசிக்கும் மாவட்டத்திலும் மனு செய்யலாம் என்றது. தந்தை குஜராத்திலோ கேரளத்திலோ இருந்தாலும் மாமல்லபுரத்தில் வாழும் தாய் தன் மாவட்டத்திலேயே மனு செய்ய முடிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144 முதல் 147 வரையுள்ள பிரிவுகள் இப்போது இதற்குப் பொருந்துகின்றன.

தொகையின் வரம்பு

1898ஆம் ஆண்டின் சட்டத்தில் மாத உச்சவரம்பு 50 ரூபாய். இது 1923இல் 100 ரூபாயாகவும், 1955இல் 500 ரூபாயாகவும் உயர்ந்தது. பின்னர் சில மாநிலங்கள் தனித் திருத்தங்கள் மூலம் வரம்பை உயர்த்தியதால், குழந்தை வாழும் மாநிலத்தைப் பொறுத்து அதன் உரிமையின் அளவும் மாறியது. 2001இல் நாடு முழுவதும் வரம்பு நீக்கப்பட்டு, வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகை பெறவும் வழி செய்யப்பட்டது. மனு செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும். இருவரும் தம் சொத்து, வருமான விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது.

வசூலில் உள்ள இடர்

தந்தை எந்த மாநிலத்தில் இருந்தாலும், ஆணையின் நகலைக் கொண்டு அங்குள்ள நீதித்துறை நடுவர் அதை நிறைவேற்றலாம். பணம் கட்டாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் நிலுவை ஏற்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு செய்யாவிட்டால், அத்தொகைக்கு இவ்வழியில் பிடியாணை கிடைக்காது.

அமெரிக்காவில் 1975 முதல் ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தைப் பராமரிப்பு முகமைகள் இயங்குகின்றன. 1992இல் வகுக்கப்பட்ட பொதுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தின் சம்பளப் பிடித்த ஆணையை வேறு மாநிலத்திலுள்ள முதலாளிக்கே நேரடியாக அனுப்பலாம். இந்தியாவில் தந்தையின் முகவரியைத் தேடும் பொறுப்பு பெரும்பாலும் தாயின் மீதே விழுகிறது. கோயில் திருப்பணிக்காக ஊர் ஊராகச் செல்லும் சிற்பிக்கும், ரொக்கமாகக் கூலி பெறும் கட்டுமானத் தொழிலாளிக்கும் நிலையான முகவரியோ சம்பளச் சீட்டோ இருப்பது அரிது. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். அவர்களைப் பொறுத்தவரை செங்கல்பட்டுதான் தொலைவான ஊர்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். தாயின் ஊரில் ஆணை பெறும் உரிமை 1973இல் கிடைத்தது. அந்த ஆணையை மாநில எல்லைக்கு அப்பால் கொண்டு சென்று பணமாக்கித் தரும் துறை இன்னும் அமையவில்லை.