ஓரியூர்ச் செம்மணல்: உடலற்ற திருப்பண்டமும் மக்கள் வழிபாடும்

கத்தோலிக்கத் திருச்சபை புனிதர்தம் திருப்பண்டங்களை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காண்கிறது. உடலும் அதன் உறுப்புகளும் முதல் நிலை. அவர் உடுத்தியவையும் கையாண்டவையும் இரண்டாம் நிலை. இவற்றைத் தொட்ட துணி முதலியன மூன்றாம் நிலை. புதிய திருப்பண்டம் எதனையும் ஆயரின் ஒப்புதலின்றி ஏற்றல் கூடாது என்பது 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்த நெறி. இப்பகுப்பு உடலை மையமாகக் கொண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர், உடலே இல்லாத ஒரு வழிபாட்டைக் காட்டுகிறது.

அருளானந்தர் எனத் தமிழகம் அறிந்த ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். சிறுவயதில் நோயுற்றபோது தாய் பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டதன்படி, நலம்பெற்றபின் ஓராண்டு இயேசு சபை உடை அணிந்தார். 1552-இல் மறைந்த அச்சவேரியாரின் உடல் 1554 முதல் கோவாவில் பேணப்படுகிறது. 1614-இல் சபைத் தலைவரின் ஆணைப்படி வலது முன்கை வெட்டப்பெற்று உரோமைக்கு அனுப்பப்பட்டது. உடலைப் பகுப்பதும் காட்டுவதும் மறைப்பதும் காப்பாளர் கையிலேயே இருந்தன.

ஓரியூரின் கதை வேறு. மறவர் சீமையில் அரசுரிமை கோரிய தடியத்தேவர், அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒருத்தியை மட்டும் மனைவியாகக் கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். (சமய மாற்றத்தினும் இம்மணமுறிவே அரசியலைக் கொதிக்கச் செய்தது எனலாம்.) 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதனன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். உடல் கழுவில் ஏற்றப்பட்டு அப்படியே விடப்பட்டது. முறையான அடக்கம் நிகழவில்லை.

கல்லறைக்குரிய இடத்தை மண் நிரப்பியது. அங்குள்ள செம்மணல் அவர் குருதியால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. நோய் தீரவும் மகப்பேறு வாய்க்கவும் அதனை அள்ளிச் செல்வோருள் கிறித்தவரல்லாதாரும் உளர். திருச்சபைப் பகுப்பில் இம்மணலை எந்நிலையில் வைப்பது? குருதி எனின் முதல் நிலை. குருதி தொட்ட மண் எனின் அதற்கும் கீழ். அடியவர்க்கு இவ்வினா எழுவதில்லை. தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவரும் நாட்டார் மரபை அறிந்தோர்க்கு, தெய்வ ஆற்றல் மண்ணில் உறைவது புதுமையன்று. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் பிழை: பிடிமண் புதுக்கோயில் ஒன்றை நிறுவும், ஓரியூர் மணலோ அடியவரின் இல்லத்திற்கும் உடலுக்கும் உரியது. கோவாவின் பேழைக்குப் பூட்டு உண்டு. திறந்தவெளி மணலுக்கு அத்தகைய காவல் அரிது.

உரோமையில் தடை வேறொன்றாக இருந்தது. பண்டாரசுவாமிக் கோலமும் உள்ளூர் வழக்கங்களும் ‘மலபார்ச் சடங்குகள்’ குறித்த வழக்கில் சிக்கின. அவை புனிதர் பட்டத்துக்குத் தடையாகா என 14ஆம் பெனடிக்ட் 1741-இல் அறிவித்தார். ஆயினும் அருளாளர் பட்டம் 1853-இலும் புனிதர் பட்டம் 1947-இலும்தான் வந்தன. சவேரியார்க்கு 70 ஆண்டுகளில் கிட்டியது, அவர் பெயரால் பிழைத்த சிறுவனுக்கு 254 ஆண்டுகள் எடுத்தது.