விளையாட்டுத் திடலும் சமத்துவமும்
(உயர்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வியும் உடல்நலக் கல்வியும் வளர்ந்த வரலாறு)

கல்விக் கழகங்களின் வெள்ளிவிழா மலர்களில் பள்ளிகள் திறந்த வரலாறும், மாணவர் விடுதிகள் எழுந்த வரலாறும், பட்டம் பெற்றோர் தொகையும் இடம்பெறுதல் மரபு. உடலுக்குத் தரப்படும் கல்வியின் வரலாறு அவற்றுள் அருகியே காணப்படும். படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்று எண்ணிப் பழகியமையே இதற்குக் காரணம். ஆயின் தாழ்த்தப்பட்ட மக்களாகிய நாம் அங்ஙனம் எண்ணுதல் பொருந்தாது. தீண்டாமை என்பது முதன்மையாக உடலைப் பற்றிய கட்டளையே அன்றோ? எவரைத் தொடலாம், எவர் எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும், எவர் எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம் என்பனவே அதன் விதிகள். வகுப்பறையில் ஒரு மூலையில் தனியே அமர்த்திவிட்டுப் பாடம் சொல்லிவிட முடிந்தது. பந்து கைமாறும் விளையாட்டில் அவ்வாறு செய்ய இயலாது. ஆதலின் விளையாட்டுத் திடலின் வரலாறு நம் உரிமை வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

படைப் பயிற்சியும் பள்ளிப் பயிற்சியும்

சிலம்பம், மற்போர், சடுகுடு முதலியன தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்தவை. ஆயினும் பள்ளிப் பாடத்தின் ஓர் அங்கமாக உடற்பயிற்சி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நுழைந்தது. 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, நாட்டு விளையாட்டுக்கள், ஜிம்னாஸ்டிக், டிரில் ஆகியவற்றால் மாணவரின் உடல் வளர்ச்சியைப் பேணவேண்டும் எனப் பரிந்துரைத்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் பள்ளிகளில் டிரில் வாத்தியார்களாக அமர்ந்தனர். அணிவகுத்து நிற்றல், ஒரே சீராக நடத்தல், கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்பனவே அக்காலப் பயிற்சி. மாணவனின் உடல்நலத்தைக் காட்டிலும் அவனது பணிவே அதில் பெரிதாகக் கருதப்பட்டது.

இப்படைப் பயிற்சி நம் மக்களுக்குப் புதியதன்று. சென்னைப் படையின் சாப்பர்ஸ், பயனியர்ஸ் பிரிவுகளில் ஆதிதிராவிடர் பலர் பணிபுரிந்தனர். பம்பாய்ப் படையில் மகர் வகுப்பினர் திரளாக இருந்தனர். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் அவர்கள் படையில் சுபேதார் நிலைக்கு உயர்ந்து, படைப் பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கியவர். பள்ளிக்கதவு அடைபட்டிருந்த காலத்தில், படைவீரனின் குடும்பத்துக்குக் கல்வி கிட்டிய வழி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ‘போர்க்குடி’ என்னும் கொள்கையைக் காட்டி, மகர் வகுப்பினரைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. சென்னைப் பயனியர்ஸ் படை 1933-இல் கலைக்கப்பட்டது. உடல் வலிமைக்குச் சான்று பெற்றிருந்த மக்களை, பிறப்பைக் காட்டி ஒதுக்கிய நிகழ்ச்சிகள் இவை.

பொதுப் பள்ளிகளிலோ நிலைமை வேறு. 1893-இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனச் சிறப்பு ஆணை பிறப்பித்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். இத்தகைய முயற்சிகளால் எழுத்தறிவு பரவத் தொடங்கிற்று. ஆயினும் உயர்நிலைப் பள்ளியை எட்டிய நம் பிள்ளைகள் மிகச் சிலரே. திடலும் பயிற்சியாசிரியரும் இருந்தவை பெரும்பாலும் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளே.

எல்லோரும் ஆடுக என்ற கொள்கை

இந்திய உடற்கல்வி வரலாற்றில் 1920-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். அவ்வாண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, நந்தனத்தில் அடையாற்றங்கரையில் பரந்த திடல்களோடு நிலைபெற்றது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. 1943-இல் அவர் மறைந்தார்.

பக் பயின்றது அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு பயிற்சிக் கல்லூரியில். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய இடம் அது. கைப்பந்தை 1895-இல் உருவாக்கிய வில்லியம் மார்கனும் அம்மரபினரே. இவ்விளையாட்டுக்களின் சிறப்பு, சிறிய இடத்தில், குறைந்த செலவில், பலர் ஒருங்கே ஆடத் தக்கவை என்பதாம். ஒரு வலையும் ஒரு பந்தும் இரு கம்பங்களும் இருந்தால் கைப்பந்து ஆடலாம். தேர்ந்தெடுத்த பதினொருவர் ஆட ஏனையோர் வேடிக்கை பார்த்தல் உடற்கல்வி அன்று. எல்லா மாணவரும் ஆடுதல் வேண்டும் என்பதே பக் வளர்த்த கொள்கை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நாடெங்குமுள்ள பள்ளிகளுக்குச் சென்றமையால், டிரில் என்பது உடற்கல்வி என விரிந்தது. ஆயினும் ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் நாமும் அடங்குவோமா என்ற வினாவுக்குப் பயிற்சிக் கல்லூரி மட்டும் விடை தந்துவிட முடியாது. அதனைச் சமுதாயமே தரவேண்டியிருந்தது.

பந்தும் தண்ணீர்ப் பானையும்

பல்வாங்கர் பாலூ என்னும் கிரிக்கெட் வீரரின் வாழ்வு இதற்கு ஏற்ற சான்று. சமார் வகுப்பிற் பிறந்த அவர், புனேயில் ஐரோப்பியர் கிளப்பின் திடலைப் பராமரிக்கும் ஊழியராக இருந்து, வலைப்பயிற்சியில் பந்து வீசியே திறம் பெற்றார். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. திடலில் அவர் வீசிய பந்தைத் தொட்ட சக வீரர்கள், தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் தந்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் வீழ்த்தியவை 114 விக்கெட்டுகள். எனினும் அணித்தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அவர் தம்பி விட்டல் 1923-இல் இந்து அணியின் தலைவரானபோதுதான் அத்தடை நீங்கியது.

திறமை ஒன்றே தீண்டாமையை வென்றுவிடும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பந்தைத் தொட விட்டவர்கள் குவளையைத் தொட விடவில்லை. பள்ளியிலும் அதுவே நிலை. அண்ணல் அம்பேத்கர் சதாராவில் பயின்றபோது, பள்ளிப் பணியாளர் குழாயைத் திறந்துவிட்டாலன்றி நீர் அருந்த இயலாது; அவர் வராத நாளில் தாகத்தோடு இருந்தார். ஓடியாடிக் களைத்த மாணவனுக்கு முதலில் வேண்டுவது குடிநீர். அந்நீரே மறுக்கப்படுமாயின் அவன் எங்ஙனம் மகிழ்ந்து விளையாடுவான்? பொதுக் கிணறுகளும் சாலைகளும் எல்லோர்க்கும் உரியன என்று சென்னைச் சட்டமன்றத்தில் 1924-இல் தீர்மானம் நிறைவேறியதும், 1927-இல் மகத் குளத்தில் அண்ணல் நீர் அருந்தியதும், ஒரு வகையில் உடல்நலக் கல்வியின் வரலாற்றிலும் சேர்த்தற்குரியன.

அண்ணல் 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை மாணவர் விடுதியும் படிப்பகமும் நடத்தியது என்பதைப் பலரும் அறிவர். இளைஞர்கள் குடியிலும் சூதிலும் வீழாதிருக்க அச்சபை ஹாக்கிக் குழு ஒன்றையும் நடத்தியது என்பதை அறிந்தோர் சிலரே. கல்விக்கென அமைந்த கழகம் விளையாட்டையும் தன் பணியாகக் கொண்ட முன்மாதிரி அது.

பசித்த வயிறும் பயிற்சியும்

உணவில்லாத உடலுக்குப் பயிற்சி துன்பமேயாம். இதனை உணர்ந்து, சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. சர் பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சியின் தலைவர். பின்னர்ச் செலவைக் காட்டி அத்திட்டம் நிறுத்தப்பட்டது. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1956-இல் பகல் உணவுத் திட்டம் மாநிலமெங்கும் தொடங்கப்பெற்றது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். 1984-இல் அது பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் நீட்டிக்கப்பட்டமையால் உயர்நிலைப் பள்ளி மாணவரும் பயன்பெற்றனர். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ணுதலால் உடலும் வளர்ந்தது, சமபந்தியும் நிகழ்ந்தது.

உணவோடு சேர்த்து எண்ணவேண்டியது நோய். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடலுட் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். அதனால் சோகை உண்டாகும். மாணவன் சிறிது ஓடினாலும் மூச்சு வாங்கும். வகுப்பில் உறக்கம் வரும். 1920-களில் ராக்பெல்லர் அறநிறுவனம் சென்னை மாகாணத்தில் இந்நோயை எதிர்த்துப் பணியாற்றியது. செருப்பு அணிந்து தெருவில் நடத்தலே குற்றமெனக் கருதப்பட்ட ஊர்களில், நம் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று இகழ்ந்தோர், அச்சோர்வின் காரணத்தை ஆராய்ந்தாரல்லர். செருப்பு, கழிப்பறை, தூய நீர் ஆகியவையே உடல்நலக் கல்வியின் முதற்பாடம். 1946-இல் போர் குழுவும், 1961-இல் ரேணுகா ராய் குழுவும் பள்ளி மருத்துவப் பணியை வற்புறுத்தின. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத்திரை வழங்கப்படுகிறது.

விடுதலைக்குப் பின்

அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1948-இல் தேசிய மாணவர் படை தோன்றியது. 1966-இல் கோத்தாரி கல்விக் குழுவும், 1986-இல் தேசியக் கல்விக் கொள்கையும் உடற்கல்வியைக் கல்வியின் பிரிக்கலாகாத பகுதி என ஏற்றன. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004-இல் சட்டம் இயற்றப்பட்டது. நம் சேரி முற்றங்களில் ஆடிய சடுகுடு, கபடி என்ற பெயரில் 1936-இல் பெர்லினில் காட்சி விளையாட்டாக ஆடப்பெற்று, 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்கத்துக்குரியதாயிற்று. தொடுதலும் பிடித்தலுமே அவ்விளையாட்டின் உயிர். தொட அஞ்சுவோன் அதை ஆட முடியாது.

2009-இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்றும், நூறு பேருக்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகளுக்கு உடல்நல, உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பொதுத்தேர்வை முன்னிட்டு, பி.டி. பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் கட்டணம் செலுத்தித் தனிப் பயிற்சி பெறும். நம் பிள்ளைக்குப் பள்ளித் திடலே ஒரே திடல். ஆகவே பாடவேளை பறிபோனால் இழப்பு பெரிதும் நமக்கே.

இளைஞர் கருதத்தக்கன

வயலில் உழைக்கும் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்போர் உளர். உழைப்பு உடலின் சில உறுப்புகளையே மீண்டும் மீண்டும் வருத்துவது. பயிற்சி எல்லா உறுப்புகளையும் சீராக வளர்ப்பது. விளையாட்டு மனத்துக்கு மகிழ்ச்சியும் தருவது. இவற்றை ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. பள்ளியைப் பெருக்கவும் கழிப்பறையைக் கழுவவும் குறிப்பிட்ட பிள்ளைகளையே ஏவிவிட்டு, அதனை உடலுழைப்புக் கல்வி என்பாராயின், அது பழைய அடிமைத்தனத்தின் புதுப்பெயரே. இதற்கு மாறாக, நம்மவருக்கு உடல் வலிமை உண்டு, படிப்பு வராது, விளையாட்டே போதும் என்று புகழ்வோரும் உளர். அப்புகழ்ச்சிக்கும் இடங்கொடுத்தல் ஆகாது. நூலகமும் திடலும் இரண்டுமே நமக்கு வேண்டும்.

நம் சிறுமியர்க்கு இவ்வுரிமை இன்னும் அரிதாகவே உள்ளது. பூப்பெய்தியவுடன் விளையாட்டை நிறுத்திவிடும் பெற்றோர் பலர். தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறையும், உடை மாற்றத் தனி அறையும் இருந்தாலன்றிப் பெண்பிள்ளைகள் திடலுக்கு வாரார். சோகையைத் தடுக்க வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர்கள் தவறாது உட்கொள்ளவேண்டும் என்பதை வீட்டிலுள்ளோர்க்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடமை.

இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் உறுப்பினர்கள் தத்தம் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று நான்கு வினாக்களைப் பணிவோடும் உறுதியோடும் கேட்பாராக. உடற்கல்விப் பாடவேளை உண்மையில் நடைபெறுகிறதா? எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிறார்களா? ஒரே குடிநீரை எல்லோரும் அருந்துகிறார்களா? பெண்பிள்ளைகளுக்குத் திடலில் இடமுண்டா? பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இவற்றை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. மாலையில் நம் குடியிருப்பில் ஒரு வலை கட்டிக் கைப்பந்து தொடங்குதற்கும், உடற்கல்வி ஆசிரியப் பயிற்சியில் நம் இளைஞரும் நங்கையரும் சேர வழிகாட்டுதற்கும் கழகம் முன்வருதல் நன்று. நலமான உடலோடு நிமிர்ந்து நிற்கும் மாணவனே தன் உரிமையை உரத்த குரலில் கேட்பான்.