காசு கேட்ட ஆமைகள்

தொலைக்காட்சி நிருபர் ஏப்ரல் ஓ'நீல் நேரலையில் பேசிக்கொண்டிருக்கிறாள். கிராங் என்ற மூளை வடிவ வில்லன் ராட்சத இயந்திர உடலோடு பறந்து வந்து, நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போகிறான். அதை மீட்கக் கிளம்புவது சாக்கடைக்குள் வாழும் நான்கு ஆமைகள். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1991-ல் ஆர்கேட் கூடங்களுக்கு அனுப்பிய 'டர்ட்டில்ஸ் இன் டைம்' இப்படித்தான் தொடங்குகிறது.

ஆமைகள் பிறந்தது 1984-ல். கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் நியூ ஹாம்ப்ஷையரிலிருந்து கறுப்பு வெள்ளைக் காமிக்ஸாகச் சொந்தமாக வெளியிட்டார்கள். முதல் அச்சு சுமார் 3,000 பிரதிதான். 1987-ல் கார்ட்டூன் தொடர், அடுத்த ஆண்டு பொம்மைகள், 1989-ல் கொனாமியின் முதல் ஆர்கேட் கேம், 1990-ல் சினிமா. உலகெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது அந்தப் படம். அப்படியிருக்க, கேமுக்கு இரண்டாம் பாகம் வராமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

பக்கவாட்டில் நகரும் தெருச்சண்டை கேம்கள் அப்போது புதிதல்ல. 1987-ல் டெக்னோஸ் நிறுவனத்தின் 'டபுள் டிராகன்' இரண்டு பேரைச் சேர்ந்து அடிக்கவைத்தது; 1989-ல் கேப்காமின் 'ஃபைனல் ஃபைட்' வந்தது. கொனாமி ஒரே மெஷின் முன்னால் நான்கு பேரை நிறுத்தியது. நான்கு ஜாய்ஸ்டிக், நான்கு நிறம்: நீலம் லியோனார்டோ, ஆரஞ்சு மைக்கேலாஞ்சலோ, ஊதா டொனாடெல்லோ, சிவப்பு ராஃபேல். கடைக்காரருக்கு இதில் கணக்கு எளிது. ஒரு மெஷின் அடைக்கும் இடத்தில் நான்கு பேர் காசு போடுவார்கள்.

கேமின் உள்கட்டும் அந்தக் காசுக்காகவே போட்டது. எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், கட்டத்தின் முடிவில் நிற்கும் பாஸ்களின் அடி கனமாக விழும். ஆனால் விழுந்தவன் இன்னொரு நாணயம் போட்டால் அதே இடத்தில் எழுந்து நிற்பான். திறமை குறைந்தவனும் பையில் சில்லறை இருந்தால் கடைசி வில்லன் ஷ்ரெடர் வரை போய்விடலாம். இதைக் கொள்ளை என்று திட்டியவர்கள் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையும் அவன் அண்ணனும் ஒரே கதையை ஒன்றாக முடிக்க வழிவிட்டதும் அதே ஏற்பாடுதான்.

காலப்பயணம் ஓவியர்களுக்குக் கிடைத்த வரம். ஷ்ரெடர் ஆமைகளைக் காலத்துக்குள் தூக்கியெறிய, டைனோசர் காலம், 1530-ன் கடற்கொள்ளைக் கப்பல், 1885-ல் ஓடும் ரயில், 2020-ன் நியான் நெடுஞ்சாலை என்று காட்சி மாறிக்கொண்டே போகிறது. (2020 வந்தும் போய்விட்டது. கேமில் வரும் பறக்கும் பலகைகளைத்தான் காணோம்.) ரயில் கட்டத்தின் பெயர் மட்டும் உறுத்துகிறது. 1890-ல் லகோட்டா மக்கள் கொன்று குவிக்கப்பட்ட வூண்டட் நீ என்ற இடத்தின் பெயரை, அதைப் பற்றிய புகழ்பெற்ற நூலின் தலைப்போடு சேர்த்துக் கேலியாக்கியிருந்தார்கள்.

அதே 1991-ல்தான் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தது. இங்கே ஒருவனை எதிர்த்து ஒருவன். ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் மறுபடி காசு போடுவான். ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து அடுத்தவனுக்கு இடம் விடும். தோளோடு தோள் நின்று ஆடிய கேம்களை ஆர்கேட் கூடங்களின் நடுவிலிருந்து இது மெல்ல ஓரங்கட்டியது. 'டர்ட்டில்ஸ் இன் டைம்' வந்தது அந்தத் திருப்பத்தில்.

அதைக் காப்பாற்றியது வீடு. 1992-ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த பதிப்பு வெறும் நகலாக வரவில்லை. நான்கு பேர் இரண்டு பேரானார்கள். அது நிஜமான இழப்புதான். ஆனால் உண்டியல் இல்லாத இடத்தில் அளவான உயிர்களோடு நியாயமாக மோத வேண்டியிருந்ததால் கேமையே திருத்தினார்கள். டெக்னோட்ரோம் என்ற புதுக் கட்டம் சேர்ந்தது, சில பாஸ்கள் மாறினார்கள், நியான் சாலையை ஆமைகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்படி வரைந்தார்கள். ஆர்கேடில் எதிரியைத் திரையை நோக்கி வீசுவது பெரும்பாலும் தற்செயலாக நடக்கும். வீட்டுப் பதிப்பில் அது ஆடுபவரின் கைக்கு வந்தது. டெக்னோட்ரோமில் ஷ்ரெடரைத் தோற்கடிக்க அடியாட்களை அவன் மேல் அப்படி வீசியே ஆக வேண்டும். இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பது இந்தப் பதிப்பைத்தான். அந்த நினைவு தப்பில்லை, ஆட்டமாகப் பார்த்தால் இதுவே மேல்.

2009-ல் யூபிசாஃப்ட் இதைப் புது உருவத்தில் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் விற்பனையிலிருந்து நீங்கியது. 2022-ல் கொனாமி 13 பழைய ஆமை கேம்களைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பில் ஆர்கேட் பதிப்பும் சூப்பர் நின்டெண்டோ பதிப்பும் இரண்டுமே உள்ளன. அதே ஆண்டு டிரிப்யூட் கேம்ஸ் உருவாக்கிய 'ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்' பழைய பாணியிலேயே ஆறு பேர் வரை சேர்ந்து ஆடவிட்டது. அதில் 'ஆர்கேட்' என்றொரு தனி முறையும் வைத்தார்கள். காசு போடத் துவாரம் இல்லை, மறுபடி எழும் வாய்ப்புகள் மட்டும் எண்ணித்தான் கிடைக்கும்.