எல்லோரும் பாட்டுக் கட்டிய மலை

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் பேருந்து பைக்காராவைக் கடந்ததும் சன்னலோரம் இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர். புல்வெளி, அதன் மடியில் ஒரு சோலை, மீண்டும் புல்வெளி. பிறகு காட்சி மாறிவிடும். யூகலிப்டஸ், வாட்டில், தேயிலை என்று வரிசையாக மனிதக் கை தெரியத் தொடங்கும். அப்படியே நடுவட்டம் வந்துவிடும். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவுக்காக 1860களில் ஆங்கில அரசு சிங்கோனா பயிரிட்ட ஊர் இது. அத்தோட்டத்தில் வேலை வாங்கிய சீனக் கைதிகளை அடைத்துவைத்த சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பின்னாளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் இந்த மலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் தம்மோடு கொண்டுவந்த பாட்டுகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்; இங்கே பேச வந்தது அதற்கும் முந்தைய பாட்டுகள்.

தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னால் இந்த மேட்டுநிலப் புல்வெளிகள் தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். தோடர் வாழிடத்தை 'மந்து' என்கிறோம். ஆங்கிலேயர் எழுதிய 'ஊட்டகமண்ட்' என்ற பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுவே. நம் 'மன்று' என்ற சொல்லோடு அதற்கு உறவு காட்டுகிறது திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. மன்றத்தில் கூடிப் பாடுவது நமக்கும் புதிதல்ல. ஆனால் நம் மன்றத்தில் பாடுபவர் சிலர், கேட்பவர் பலர். தோடர் மன்றத்தின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கை உலகுக்குச் சொன்னவர் எம். பி. எமனோ. கனடாவில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர். வடமொழி பயின்று, மொழியியலறிஞர் எட்வர்ட் சபீரிடம் பாடம் கேட்டு, 1935இல் இந்தியா வந்தார். மூன்றாண்டுகள் தங்கித் தோட, கோத்த மொழிகளைக் கேட்டு எழுதினார். பின்னர் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்ததுதான் மேலே சொன்ன அகராதி; முதற்பதிப்பு 1961. தமிழ் முதுகலை படித்தவர்கள் எமனோ என்ற பெயரை அந்த அட்டையில்தான் கண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான். ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகம் 1971இல் வெளியிட்ட 'தோடர் பாடல்கள்' என்ற அவருடைய பெருநூல் என் கைக்கு வந்தது ஆசிரியப் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே. ஆயிரம் பக்கங்களையும் படித்து முடித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

எமனோ கண்ட செய்தி இது: ஏறத்தாழ ஒவ்வொரு தோடருக்கும் பாட்டுக் கட்டத் தெரியும். மனப்பாடமான பழம்பாட்டை ஒப்பிப்பதன்று. ஒரு சாவு, ஒரு சடங்கு, ஒரு காதல் என்று நிகழ்ச்சி நேரும்போதே அதைப் பற்றிப் புதிதாகக் கட்டுவது. தேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர்கள் உண்டுதான். ஆயினும் புலவர் என்றொரு தனிச்சாதி இல்லை, பாணர் குடி இல்லை, பரிசில் இல்லை.

இது எப்படி இயலும்? விடை, பாட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. நம் பேச்சில் காடு கரை, வீடு வாசல், தோட்டம் துரவு என்று இணையிணையாகச் சொல்கிறோமல்லவா? தோடர் பாட்டு முழுவதும் அப்படி இணைகளால் ஆனது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தொடரைச் சொன்னால் அதே அமைப்பிலுள்ள மற்றொரு தொடர் துணையாக வந்தாக வேண்டும். மந்துகளுக்கும் குலங்களுக்கும் எருமைகளுக்கும் பாற்கோயில்களுக்கும் பாட்டில் வழங்கும் பெயர்களும் தொடர்களும் மரபால் வகுக்கப்பட்டிருக்கின்றன. இவரைப் பற்றிய பாட்டு என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவருடைய ஊரையும் குலத்தையும் சுட்டும் தொடர்களால் குறிப்பாக உணர்த்துவார்கள். 1901-02இல் இங்கே தங்கி ஆய்ந்து 1906இல் 'தோடர்கள்' என்ற நூலை எழுதிய ரிவர்ஸ், பாற்கோயில் வழிபாட்டில் ஊர்களும் எருமைகளும் தமக்கேயுரிய புனிதப் பெயர்களால் அழைக்கப்படுவதை முன்பே பதிவு செய்திருக்கிறார். அதை ஒட்டியதொரு மனப்பழக்கம் பாட்டிலும் ஓடுகிறது.

ஆக, அங்கே பிறந்து வளரும் பிள்ளைக்கு மொழியோடு சேர்ந்தே பாட்டுக்கான சரக்கும் கிடைத்துவிடுகிறது. தொடரின் முதற்பாதி காதில் விழுந்ததுமே மறுபாதி மனத்தில் எழுகிறவர்களே சுற்றிலும் அமர்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட அவையில் ஒருவன் தடுமாறினாலும் விழமாட்டான்.

எமனோ நீலகிரிக்கு வந்த காலத்தை ஒட்டித்தான் மில்மன் பாரி யூகோஸ்லாவியாவில் வாய்மொழிக் காவியப் பாடகர்களைப் பதிவு செய்திருந்தார். 1935 இறுதியில் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டின் 'கதைப்பாடகன்' 1960இல் வந்தது. அந்தக் கோட்பாட்டைக் கொண்டு நம் கைலாசபதி சங்கப் பாடல்களை ஆராய்ந்த 'தமிழ் வீரயுகக் கவிதை' 1968இல் வெளிவந்தது. அதுவும் கிளாரண்டன் அச்சகம்தான். மூன்றாண்டு இடைவெளியில் ஒரே அச்சகத்திலிருந்து வந்த இரு நூல்களில் ஒன்றை நாம் அரை நூற்றாண்டாக விவாதிக்கிறோம். மற்றொன்றைத் தமிழ்த்துறைகளில் எவரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. தோடரைப் பழங்குடி ஆய்வு என்ற அலமாரியில் வைத்துவிட்டோம். அவர்களைக் கவிஞர்களாக எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். பாரியும் லார்டும் கண்ட பாடகன் பல்லாண்டு பயின்ற தேர்ச்சியாளன். நெடுங்கதையை நிற்காமல் சொல்ல அவனுக்கு வாய்பாட்டுத் தொடர்கள் உதவின. தோடரிடமோ அவை வேகத்துக்கான கருவி மட்டுமல்ல, எல்லோரும் நுழைவதற்கான வாசலும்கூட. ஐந்திணை மரபும் ஒருவகையில் இத்தகைய பொதுச்சொத்துத்தான். அரசரும் வணிகரும் பெயரே தெரியாத பலரும் ஒரே தொகையில் அருகருகே அமர முடிந்தது அதனால்தான் என்று வகுப்பில் சொல்வேன். பின்னர் அது யாப்பாகவும் பாட்டியலாகவும் இறுகி, கற்றோர்க்கு மட்டும் என்றானது.

தேய்வழக்கைப் பழித்தே வளர்ந்தது நம் நவீன விமர்சனம். எடுத்துவைத்த சொல்லால் எழுதுவது கவிதையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். தோடர் பாட்டுகளைத் தொடர்ந்து படித்தால் எனக்கும் சலிப்புத் தட்டுகிறது. வெளியாளுக்கு அடிக்குறிப்பின்றி ஒரு வரி விளங்காது. புதுப் பொருளுக்கு அந்தச் சட்டகம் எளிதில் இடம் தராது. ஆனால் சாவு வீட்டை நினைத்துக்கொண்டால் என் தீர்ப்பு தளர்கிறது. தோடர் துக்கத்தில் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி வைத்து அழுவார்கள் என்று ரிவர்ஸ் எழுதுகிறார். அந்நேரத்தில் இறந்தவரைப் பாட ஒருவர் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. முன்னோர் சேர்த்துவைத்த சொல் வாயருகே இருக்கிறது. என் ஊரில் ஒப்பாரி வைத்த பாட்டிமாருக்கும் அப்படித்தான் இருந்தது. அவர்களில் ஒருவரையும் கவிஞர் என்று எவரும் அழைத்ததில்லை. நானும் அழைக்கவில்லை.

இத்தகைய கலைக்கு ஏடு காவல் இல்லை. கேட்கத் தெரிந்த செவிதான் காவல். தோடர் தொகை இரண்டாயிரத்தை ஒட்டியதே. 2009இல் யுனெஸ்கோ வெளியிட்ட மொழி வரைபடம் தோட மொழியை மிகக் கடுமையான அழிவுநிலையில் உள்ளதாகக் குறித்தது. மேய்ச்சல் நிலங்களில் ஒரு பகுதியைத் தோட்டங்களும் வாட்டில் காடுகளும் நீர்த்தேக்கங்களும் எடுத்துக்கொண்டன. எருமை மந்தைகள் சுருங்கின. பாட்டில் இணையாக வரும் இரண்டு இடங்களில் ஒன்று நீருக்கடியிலும் மற்றொன்று தேயிலைக்கடியிலும் கிடந்தால், அந்தத் தொடரைக் கற்கும் பிள்ளைக்கு எதைக் காட்டி விளக்குவது?

சில ஆண்டுகளுக்கு முன் படைப்பிலக்கிய வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். நான் ஒரு சொல் சொல்வேன், மாணவர்கள் இணைச்சொல் சொல்ல வேண்டும். "காடு" என்றதும் "கரை" என்றார்கள். "தோட்டம்" என்றேன். "துரவு" என்று பாதி வகுப்பு ஒரே குரலில் சொன்னது. துரவு என்றால் என்ன என்று கேட்டேன். அமைதி. கடைசிப் பெஞ்சிலிருந்த ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி எழுந்து, "கிணறுங்க ஐயா, எங்க தாத்தா சொல்வார்" என்றான்.