'சீப்' என்றால் சந்தை

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை: சீப். "சீப்பா வாங்கினேன்"னு பெருமையா சொல்றோம். "சீப்பா நடந்துக்காதே"ன்னு திட்டவும் செய்றோம். ஒரே சொல்லுக்கு எப்படி இந்த ரெண்டு வேலை?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது ஒரு பெயர்ச்சொல். வியாபாரம், பேரம், விலை என்று பொருள். லண்டனின் சீப்சைடு அந்தக் காலத்துப் பெரிய சந்தைத் தெரு. அதிலிருந்து பிரியும் பிரெட் ஸ்ட்ரீட்டும் மில்க் ஸ்ட்ரீட்டும் இன்னும் அதே பெயரில் இருக்கு. ஊர் ஊராகச் சரக்கு விற்றவர் 'சாப்மேன்'. ஆளைக் குறிக்கும் 'சாப்' அதன் சுருக்கம்தான்.

பிறகு 'குட் சீப்' என்ற வழக்கு வந்தது. அதாவது, நல்ல பேரம். 16-ம் நூற்றாண்டு வாக்கில் 'குட்' உதிர்ந்து, 'சீப்' மட்டுமே 'விலை குறைந்த' என்ற பெயரடை ஆச்சு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'மதிப்பில்லாத' என்ற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு.

நம்ம 'மலிவு' போன பாதையும் இதுதான். மலிதல்னா நிறைதல், பெருகுதல். சந்தையில் சரக்கு நிறைஞ்சா விலை இறங்கும், அதனால மலிவு. இப்போ 'மலிவான அரசியல்'னு திட்டுறோம்.

ரெண்டு மொழியிலும் முதலில் இறங்கியது சரக்கோட விலை. அப்புறம் மனுஷங்களோட மரியாதை. அடுத்த முறை ஒருத்தரை "சீப்"னு சொல்ல வாய் வந்தா, நாம அளக்கிறது அவரோட குணத்தையா, பர்ஸையான்னு ஒரு நொடி யோசிங்க.