ஏரிக்கரை: காவல் நம்முடையது, அதிகாரம் யாருடையது?

அணை என்றதும் நமக்கு மேட்டூரும் பவானிசாகரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஊர் ஏரிக்கரையை யாரும் அணை என்று சொல்வதில்லை. ஆனால் நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே மண்ணைப் போட்டு இறுக்கித் தண்ணீரைத் தேக்கினால் அது மண் அணைதான். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று 39 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கரைக்குக் கீழே, தாழ்வான நிலத்தில், நம் குடியிருப்புகள் இருக்கின்றன. அதனால் ஏரிக்கரையின் பாதுகாப்பு நமக்கு விவசாயப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. இந்த வரலாற்றை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரை எப்படி உடைகிறது

மண் கரை பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகிறது. ஒன்று, தண்ணீர் கரையின் மேல் வழிவது. அப்படி வழியாமல் இருக்கத்தான் கலங்கல் இருக்கிறது. கலங்கல் தூர்ந்தாலோ, அதன் வாய்க்கால் ஆக்கிரமிக்கப்பட்டாலோ, கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டு மண்மூட்டை அடுக்கி அதை உயர்த்தினாலோ தண்ணீர் கரையேறும். கரையேறிய தண்ணீர் வெளிச்சரிவை அரித்துச் சில மணி நேரத்தில் உடைத்துவிடும்.

இரண்டாவது, உள்ளுக்குள் அரிப்பது. எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய துளை, பழுதான மதகின் ஓரம் என ஏதோ ஒரு வழியில் நீர் கசியத் தொடங்கும். கசிவு தெளிவாக இருந்தால் இன்னும் அவகாசம் இருக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்த வேறுபாட்டை இரவு மழையில், கரையடியில் நடந்து பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். அப்படி நடந்து பார்த்தவர்கள் யார்?

நீர்க்கட்டியும் வாரியமும்

வடமாவட்டங்களில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்றும், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நீர்பாய்ச்சி, மடைக்காரர் என்றும் பெயர். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தலித்துகளே. மடை திறப்பது, வயல்வாரியாகத் தண்ணீர் பங்கிடுவது, மழைக்காலத்தில் கரையைக் காவல் காப்பது, உடைப்பு எடுத்தால் முதலில் இறங்கி அடைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம். சில ஊர்களில் சிறிது மானிய நிலம். எந்த மதகு எவ்வளவு தாங்கும், கரையில் எந்த இடம் பலவீனம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இன்றைய பொறியாளர் கருவி வைத்து அளப்பதை அவர்கள் காலால் அளந்தார்கள்.

ஆனால் ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பள்ளிப் பாடத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது. அதில் இடம்பெறத் தகுதி என்ன? வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் கற்றிருத்தல். நிலம் குறைந்திருந்தால் வேதக் கல்வி அதை ஈடுசெய்யலாம். அதாவது அது பிராமணச் சபையின் வாரியம். அடுத்த நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் தனியாகப் பதிவாகின்றன. தண்ணீரை ஆண்டவர்கள் ஒரு பக்கம், தனிச்சேரிகளில் வைக்கப்பட்டவர்கள் மறுபக்கம் என்ற பிரிவினைக்கு ஆயிரம் ஆண்டு வயது.

‘குடிமராமத்து’ யாருடைய உழைப்பு?

முன்னோர்கள் ஒன்றுகூடி ஏரியைக் காத்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று ஒரு கதை உண்டு. காலனி ஆட்சி வருவாயை உறிஞ்சிக்கொண்டு பராமரிப்பைக் கைவிட்டது உண்மை. பின்னர் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கவும் வேண்டியிருந்தது. ஆனால் ‘ஒன்றுகூடி’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது என்ன என்பதை அதே ஆட்சி போட்ட சட்டம் காட்டிக்கொடுக்கிறது.

1858ஆம் ஆண்டின் முதல் சட்டம், சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், அருகிலுள்ள ஊர்களின் தலைவர்கள் ‘உழைக்கும் வகுப்புகளைச் சேர்ந்த’ உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவரையும் கரைக்கு அழைக்க வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். கூலி கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் வார்த்தையைக் கவனியுங்கள். கரை நின்றால் விளைவது யார் நிலம்? மண் சுமக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது யாரை? நிலக்காரரின் ஏரியைக் காக்க நிலமற்றவரின் உடலைக் கேட்டது அந்தச் சட்டம். வழக்கத்தில் இருந்த சாதிய ஊழியத்துக்கு அது அரசு முத்திரை குத்தியது.

இதனால்தான் இருபதாம் நூற்றாண்டில் நம் மக்கள் பல ஊர்களில் பரம்பரை ஊழியங்களை உதறினார்கள். பறையடிப்பது, செத்த மாடு தூக்குவது போன்றவற்றோடு ஏரிக் காவலும் அடிமை அடையாளமாகவே பார்க்கப்பட்டது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வதன் முறைக்கு எதிராக அண்ணல் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்ததும் இந்த வகைப் பரம்பரைக் கிராம ஊழியத்தை உடைக்கத்தான். அந்த மறுப்பு சரியானது. நீர்க்கட்டி போனதால் ஏரி கெட்டது என்று நம்மைக் குறை சொல்பவர்களுக்கு ஒரே பதில்: அந்த வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் அதிகாரமும் கொடுத்து ஒரு பணியிடம் உருவாக்கியிருக்கலாம். ஏன் செய்யவில்லை?

இன்றும் அதே வாரியம்

காவலர் போன இடம் காலியாகவே இருக்கிறது. 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளுக்கும்தான் பொருந்தும். பெரும்பாலான ஊர் ஏரிக்கரைகள் 10 மீட்டரை எட்டுவதே இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், மற்றவை உள்ளாட்சியிடமும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தில் சங்கத்தின் வாக்குரிமை நிலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2017இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் 10 சதவீதப் பங்களிப்பு தரும் ஆயக்கட்டுதாரர்களின் கையில்தான் வேலையைக் கொடுத்தது. கால் வேலி நிலம் கேட்ட உத்திரமேரூர் வாரியம் இன்னும் கலையவில்லை.

கரைக்குக் கீழே வாழ்பவர் சொல் எடுபடாவிட்டால் என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிரத்தில் பார்த்தோம். இரத்னகிரி மாவட்டத்தின் திவரே மண் அணை, கட்டி 20 ஆண்டுகூட முழுதாக ஆகாத நிலையில் 2019 ஜூலை 2 இரவு உடைந்தது. சுமார் 20 பேர் இறந்தார்கள். கசிவு இருப்பதாக ஊர்மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு மாநில அமைச்சர் நண்டுகள்மீது பழி போட்டார். நண்டு வளை கரையைப் பலவீனமாக்கும் என்பது உண்மை. அந்த வளையை அடைக்கத்தானே பராமரிப்பு?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் கோரம்பள்ளம் குளம் உட்படப் பல குளங்கள் உடைந்தன. அப்படிப்பட்ட மழை இனி அபூர்வம் அல்ல. பழைய மழையைக் கணக்கில் வைத்துக் கட்டிய கலங்கல்கள் அதைத் தாங்குமா என்று ஊர் ஊராகக் கேட்க வேண்டிய காலம் இது.

நாம் கேட்க வேண்டியது

பழைய ஊழியத்தை நாம் திரும்பக் கேட்கவில்லை. நாம் கேட்பது மூன்று. ஏரிக் காவலுக்கு அரசுச் சம்பளத்தில் பணியிடம் வேண்டும். அது எந்தச் சாதிக்கும் ஒதுக்கிய வேலையாக இருக்கக் கூடாது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரைக்குக் கீழே குடியிருக்கும் எல்லாருக்கும் ஏரி நிர்வாகத்தில் வாக்கு வேண்டும். சிறிய ஏரிக்கரைகளையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆய்வு செய்து, அறிக்கையை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

தோழர்களே, அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் வருகிறது. அதற்கு முந்தைய வாரம் உங்கள் ஊர்க் கரையை முழுதும் நடந்து பாருங்கள். கலங்கல் திறந்திருக்கிறதா, மதகு ஓரம் கசிகிறதா, கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று நாள் குறித்துப் படம் எடுங்கள். நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கூட அழைத்துப் போங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தீர்மானமாக்கிக் கிராம சபைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கரை உடைந்த பிறகு யாரும் நண்டைக் காரணம் காட்ட முடியாதபடி நம் சாட்சியம் எழுத்தில் இருக்கட்டும்.